"கோ-அரவுண்ட்" என்று மூன்று முறை சொன்ன துணை விமானி, ஏன் தானே கட்டுப்பாட்டை எடுக்கவில்லை?

#1 காற்றுக்கூம்பு

வணக்கம். விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தனியாகப் பறக்கும் கட்டம் முடிந்துவிட்டது. போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்.

ஒற்றை எஞ்சின் செஸ்னா. அன்று பயிற்றுநர் இறக்கிக் காட்டினார், நான் பக்கத்து இருக்கையில். கடைசித் திருப்பம் முடிந்து ஓடுதளத்துக்கு நேராக வந்ததும் காற்றுக்கூம்பைப் பார்த்தேன். எதிர்க்காற்று என்றால் கூம்பின் வால் எங்களைப் பார்த்து நீண்டிருக்க வேண்டும். அன்றைக்கு அது நாங்கள் போகும் பக்கமே நீண்டிருந்தது. பின்காற்று. "சார், காற்று கொஞ்சம் மாறியிருக்கு போல இருக்கு" என்றேன். அவர் "ம்" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஓடுதளத்தில் பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. நின்றபோது எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நீளத்துக்குத்தான் தார் மிச்சம். பிரேக் கருகிய வாடை உள்ளே வரைக்கும் வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு அவர் கேட்டார்: "பின்காற்றுன்னு பார்த்தியா?" "பார்த்தேன் சார். சொன்னேனே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ சொன்னது எனக்கு வானிலைச் செய்தி மாதிரிதான் கேட்டுச்சு. என்னை நிறுத்தச் சொல்றேன்னு கேட்கலை" என்றார்.

அன்று இரவு மங்களூர் விபத்தின் விசாரணை அறிக்கையை எடுத்து உட்கார்ந்தேன். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. போயிங் 737-800. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருந்த காக்பிட் குரல்பதிவில், முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் விமானிகள் இருவரும் பேசிக்கொண்ட பேச்சே இல்லை. கேப்டன் தூங்குகிற குறட்டைச் சத்தம் பதிவாகியிருக்கிறது. எழுந்த பிறகு அவரே இறக்கினார். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது. எச்சரிக்கைக் கருவி "சிங்க் ரேட்" (இறங்கும் வேகம் அதிகம்), "புல் அப்" (மேலே இழு) என்று கத்திக்கொண்டே இருந்தது. துணை விமானி மூன்று தடவை கோ-அரவுண்ட் சொன்னார், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே எழும்பச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. ஓடுதளம் எட்டாயிரம் அடி. சக்கரம் தொட்டது 5,200 அடி தாண்டி.

விபத்துக்கு நேர்க்காரணம் கேப்டன் இறங்குவதைக் கைவிடாததுதான் என்கிறது அறிக்கை. துணைக்காரணங்களில் வருகிற ஒன்றுதான் என்னை உலுக்கியது. கோ-அரவுண்டைத் துணை விமானியே தொடங்கலாமா என்பதில் பலவகை அறிவுறுத்தல்கள் தெளிவில்லாமல் இருந்ததாலோ என்னவோ, அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்கிறது.

என்னை மாதிரி அவர் சுற்றிவளைக்கவில்லை. சொல்ல வேண்டிய சொல்லையே சொன்னார், அதையும் மூன்று தடவை. அதற்கு மேல் என்ன இருக்கிறது? அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

#2 பழைய கோபுரம்

தம்பி, நான் ஏடிசியில் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில்) முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மங்களூரில் வேலை பார்த்ததில்லை. ஆனால் அந்த அறிக்கையில் எங்கள் துறை சம்பந்தப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

மே 20 முதல் அங்கே ரேடார் வேலை செய்யவில்லை. ரேடார் இல்லாவிட்டால் விமானங்களை நேரத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் பிரித்து வைக்க வேண்டும். திரையில் புள்ளி தெரியாது, காகிதத்தில் கணக்குதான். துணை விமானி சுமார் 130 மைலிலேயே இறக்கம் கேட்டார். கிடைக்கவில்லை. 37,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்கியபோது 77 மைல்தான் மிச்சம். விமானிகளுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு, ஆயிரம் அடி இறங்க மூன்று மைல் என்று. 37,000 அடிக்கு 111 மைல் வேண்டும். ஆக, அவர்கள் தொடங்கும்போதே முப்பது மைலுக்கு மேல் கடனில் இருந்தார்கள்.

அடைக்கவே முடியாத கடன் அல்ல அது. ஒரு வட்டம் போடுகிறேன், எனக்கு உயரம் குறையவில்லை என்று சொன்னால் போதும். எந்தக் கன்ட்ரோலரும் மறுக்க மாட்டார். என் அனுபவத்தில் அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. வாய்விட்டுக் கேட்பதைத் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். கோபுரத்தில் இருக்கிற நமக்கோ, கேட்கிற விமானி மேல்தான் மரியாதை கூடும்.

#3 தூத்துக்குடி மாலுமி

சரக்குக் கப்பலில் மாஸ்டராக, அதாவது கேப்டனாக, இருந்தவன். இதில் எனக்கு வேறு கருத்து உண்டு, கோபிக்க வேண்டாம்.

தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? எந்தக் கலத்திலும் முடிவெடுக்கிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கப்பலை ஓட்டும் மேடையில் நிற்கும் மூன்றாவது அதிகாரி என் உத்தரவைச் சந்தேகப்பட்டால் கேட்கட்டும், நான் விளக்குகிறேன். சுக்கானைப் பிடுங்கினால் அது வேறு கதை.

கோ-அரவுண்ட் என்பதும் மந்திரம் இல்லை. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 521. ஓடுதளத்தில் நீளமாகப் போய்த் தொட்டார்கள், உடனே மேலே எழும்ப முடிவெடுத்தார்கள். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் அந்த போயிங் 777-இல் கோ-அரவுண்ட் பொத்தான் வேலை செய்யாது, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் லீவரைக் கையால் தள்ள வேண்டும். அது நடக்கவில்லை. எஞ்சின்கள் வேகம் எடுக்காமலே சக்கரத்தை மடக்கிவிட்டார்கள், விமானம் வயிற்றால் தரையில் விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தது பெரிய காரியம். ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அவசரத்தில் எடுத்த சரியான முடிவும் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று. மங்களூருக்குப் பிறகு விதிகளைத் தெளிவாக்கியிருப்பார்கள். அதோடு தம்பி கேட்ட கேள்வி முடிந்தது என்றே நினைக்கிறேன்.

#4 வலது இருக்கை

முடியவில்லை ஐயா. அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன். நான் ஒரு நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, 737 ஓட்டுகிறேன்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே நிறுவனம், அதே ரக விமானம், துபாயிலிருந்துதான் வந்தது. மங்களூர் மாதிரியே மலைமேல் வெட்டிய டேபிள்டாப் ஓடுதளம். நல்ல மழை. முதல் முயற்சியில் கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது, கோ-அரவுண்ட் போனார்கள். அந்த முடிவு சரியானது. இரண்டாவது முயற்சி எதிர்ப்பக்க ஓடுதளத்தில், பின்காற்றோடு. 8,858 அடி ஓடுதளத்தில் 4,438 அடி தாண்டித் தொட்டார்கள். 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் அதில் அடக்கம்.

அந்த அறிக்கையில் துணை விமானியின் வார்த்தைகள் வரிசையாக இருக்கின்றன. முதலில் "ஜஸ்ட் செக் இட்". அப்படி ஒரு அழைப்பு எங்கள் விதிப்புத்தகத்தில் கிடையாது. அடுத்து "கேப்டன்" என்று தயங்கித் தயங்கி ஒரு விளிப்பு. அதற்கும் பிறகுதான் "கோ-அரவுண்ட்". மூன்றையும் சேர்த்தால் சில நொடிகள். அந்தச் சில நொடிகளில் ஓடுதளம் ஆயிரக்கணக்கான அடி கீழே ஓடிவிடுகிறது.

இந்தத் தடவை விசாரணைக்குழு தெளிவில்லை என்று எழுதவில்லை. துணை விமானி கட்டுப்பாட்டை எடுத்துக் கோ-அரவுண்ட் செய்யத் தவறியதை விபத்துக்கான காரணத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பத்து வருடத்தில் விதி மாறிவிட்டது. இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் கை நகரவில்லை.

மாலுமி ஐயா சொன்ன எமிரேட்ஸ் விபத்து உண்மைதான். அது காட்டுவது என்ன? கோ-அரவுண்டைச் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும், உயரம் இருக்கும்போதே. ஆயிரம் அடியில் வேகம், உயரம், இறங்கும் வீதம் எல்லாம் வரம்புக்குள் இல்லை என்றால் அப்போதே மேலே போய்விட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நடைமுறை வேறு. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்து சொன்னது: இப்படி வரம்பு தாண்டி வருகிற அணுகல்களில் நூற்றுக்குச் சுமார் மூன்றில்தான் விமானிகள் கோ-அரவுண்ட் போகிறார்கள். மீதி 97-இல் எப்படியோ இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை அப்படி நல்லபடியாக இறங்கும்போதும் மனது ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்கிறது.

#5 காற்றுக்கூம்பு

வலது இருக்கை அண்ணா, ரொம்ப நன்றி. "ஜஸ்ட் செக் இட்" என்று படித்ததும் என் "காற்று கொஞ்சம் மாறியிருக்கு போல"தான் காதில் ஒலித்தது.

நம் வீட்டிலேயே பாருங்கள். அப்பா தப்பான பஸ்ஸில் ஏறப் போகிறார் என்றால் "ஏறாதீங்க" என்று சொல்ல மாட்டோம். "இந்த பஸ் அந்தப் பக்கம் போகுமா?" என்று கேள்வியாகக் கேட்போம். அவராகவே கண்டுபிடித்து இறங்கிய மாதிரி இருக்க வேண்டும். பெரியவர் முகம் வாடக் கூடாது என்று இருபது வருடமாகப் பழகியதை, காக்பிட் கதவைச் சாத்தியதும் எப்படிக் கழற்றி வைப்பது?

#6 பழைய கோபுரம்

இது நம் ஊர்க்காரர்களின் குறை மட்டும் என்று எண்ணிவிடாதே தம்பி. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு. பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியர், எதிர் விமானம் ஓடுதளத்தை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேள்வியாகத்தான் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார், ஓட்டம் தொடர்ந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு டிசி-8, சக்கரப் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும், ஜாடையாகச் சொல்லியும் பார்த்தார்கள். அதற்கு அப்புறம்தான் சிஆர்எம் (க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்) என்கிற பயிற்சியே பிறந்தது. காக்பிட்டில் இருக்கிற எல்லாருடைய கண்ணையும் காதையும் அறிவையும் கேப்டன் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

பலனும் கிடைத்தது. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10, ஹைட்ராலிக் எல்லாமே போய், இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே வந்து விழுந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானியை உள்ளே கூப்பிட்டு, லீவர்களை அவர் கையில் கொடுத்தார் கேப்டன் ஆல் ஹேன்ஸ். இந்தப் பயிற்சி இல்லாவிட்டால் யாரும் பிழைத்திருக்க முடியாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

#7 பச்சை உடுப்பு

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த இழை எங்கள் அறையைப் பற்றி எழுதிய மாதிரியே இருக்கிறது.

2005-இல் இங்கிலாந்தில் ஒரு விமானியின் மனைவி சின்ன அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் குழாயைச் செருகவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவியை ஒரு நர்ஸ் கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் ஐசியூ படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்துகிறோமோ என்று தோன்றி அதை ரத்து செய்துவிட்டார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி அதற்கு அப்புறம் மருத்துவத் துறைக்கு இதைக் கற்றுக்கொடுப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வயிற்று ஆபரேஷன், மூடப் போகிறார்கள். மாப் (உள்ளே ரத்தம் ஒற்றி எடுக்கிற துணி) எண்ணினேன், ஒன்று குறைந்தது. "சார், ஒரு மாப் பார்க்கணும் சார்" என்றேன். பெரிய டாக்டர் நிமிராமல் "கீழே விழுந்திருக்கும், பாருங்க" என்று கையை நீட்டினார், தையல் ஊசிக்கு. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். பின்னால் நின்ற சீனியர் சிஸ்டர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "நீடில் ஹோல்டரைக் கொடுக்காதே" என்றார். கொடுக்கவில்லை. அவர் கை காற்றில் அப்படியே நின்றது. அந்த மூன்று நான்கு வினாடி என் ஆயுசுக்கும் மறக்காது. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர், "கவுன்ட் சரியில்லை சார், மூடக் கூடாது" என்றார். தேடினார்கள். மாப் வயிற்றுக்குள்தான் இருந்தது.

எனக்குச் சிஸ்டர் கற்றுக்கொடுத்தது என்னவென்றால், வாய்ச்சொல் எடுபடாத இடத்தில் கையால் ஒன்று செய்ய வேண்டும். என் கையில் ஊசி இருந்தது. துணை விமானியின் கையில் என்ன இருக்கிறது?

#8 தூத்துக்குடி மாலுமி

சிஸ்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோழிக்கோடு பற்றி எனக்குத் தெரியாது, விதி வந்ததும் தீர்ந்திருக்கும் என்று எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

கப்பலில் நாங்கள் யோசிக்க நிமிடங்கள் கிடைக்கும். மூன்றாவது அதிகாரிக்கு நான் எழுதி வைக்கும் இரவு உத்தரவில் "சந்தேகம் வந்தால் என்னை எழுப்பு" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். எழுப்பியதற்காக யாரையும் திட்டியதில்லை. அதே சமயம், எழுப்பினால் திட்டுகிற மாஸ்டர்கள் கீழே நானும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தக் கப்பல்களில் நான் எழுப்பியதில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

ஒரு சந்தேகம். மங்களூர் கேப்டன் அனுபவசாலி, 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவ்வளவு எச்சரிக்கை ஒலித்தும் காதில் விழாமலா போயிருக்கும்?

#9 வலது இருக்கை

நல்ல கேள்வி ஐயா. விழுந்திருக்காது என்பதற்கு இடம் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மூளை முழுதாக விழிக்க நேரம் பிடிக்கும். தூக்க மந்தம் என்று சொல்லலாம், அறிக்கையிலும் இது இருக்கிறது. போதாததற்கு, உடம்பு இயல்பாகவே சோர்ந்திருக்கும் பின்னிரவு நேரம். நாசா 1990-களில் வெளியிட்ட ஆய்வில் நீண்டதூர விமானிகளுக்கு நாற்பது நிமிட ஓய்வு கொடுத்தார்கள், சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், இறங்கும்போது நல்ல விழிப்போடு இருந்தார்கள். குட்டித் தூக்கம் நல்லது. ஒரு மணி நாற்பது நிமிடம் வேறு விஷயம்.

இறங்கியே தீருவது என்று மனம் பூட்டிக்கொண்டால், காது முதலில் மூடிக்கொள்ளும். எனக்கே நடந்திருக்கிறது. சிமுலேட்டரில் எஞ்சின் தீயைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர் என்னிடம் உயரத்தை மூன்று தடவை சொன்னாராம். பதிவைப் போட்டுக் காட்டும் வரை நான் நம்பவில்லை. அப்படிப் பூட்டிக்கொண்டவரிடம் நாலாவது தடவை சொல்வதில் பயன் இல்லை. பல நிறுவனங்களில் இரண்டு அழைப்புக்குப் பதில் வராவிட்டால் அவர் செயலிழந்தவர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி எடுத்துவிட வேண்டும்.

இனி பச்சை உடுப்பு அக்கா கேட்டதற்கு வருகிறேன். இறங்கும்போது 737-இல் கேப்டனின் இடது கை சுக்கானில் இருக்கும். வலது கை நடுவில் இருக்கிற இரண்டு த்ரஸ்ட் லீவர் மேல். நான் வலது பக்கம். கோ-அரவுண்ட் செய்ய என் இடது கை அதே லீவருக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே அவர் கை இருக்கிறது. அதாவது என்னைவிட இருபது வயது பெரியவர், காலையில் நான் "குட் மார்னிங் சார்" சொன்னவர், அவர் கை மேல் என் கையை வைத்து முன்னால் தள்ள வேண்டும். அதுவும் சக்கரம் தொட்டு ரிவர்சர் (எஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) திறப்பதற்கு முன்னால். திறந்துவிட்டால் நிற்பது மட்டும்தான் வழி. மங்களூரில் கேப்டன் ரிவர்சரைத் திறந்த பிறகுதான் மேலே எழும்ப முயன்றார்.

சிமுலேட்டரில் கட்டுப்பாட்டை எடுக்கப் பயிற்சி தருகிறார்கள். கேப்டன் தலையைத் தொங்கப்போட்டு மயங்கின மாதிரி நடிப்பார், நான் எடுத்துக்கொள்வேன். நான் பார்த்தவரை விழித்திருக்கிற, பேசுகிற, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இறக்குகிற கேப்டனிடமிருந்து எடுக்கிற பயிற்சி யாரும் தந்ததில்லை. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் வந்தது அந்த இரண்டாவது வகை.

#10 காற்றுக்கூம்பு

அண்ணா, அப்போ நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

#11 வலது இருக்கை

ஒரு மூத்த கேப்டனிடம் கற்றது. முதல் முதலாக அவரோடு பறந்த அன்று, புறப்படுவதற்கு முன், எரிபொருள் கணக்கெல்லாம் பேசி முடித்ததும் சொன்னார்: "ஆயிரம் அடிக்குக் கீழே நான் வரம்பு தாண்டினால் கோ-அரவுண்ட் சொல்லு. ரெண்டாவது தடவையும் நான் நகரலைன்னா எடுத்துக்கோ. கீழே போய்ப் பேசிக்கலாம். நீ எடுத்தது தப்பாவே இருந்தாலும் நான் கோபப்பட மாட்டேன்." சொல்லிவிட்டு என் இடது கையைப் பிடித்து, லீவர் மேல் இருந்த தன் வலது கை மேல் வைத்து, "தள்ளு" என்றார். எஞ்சின் ஓடாத விமானம், பயணிகள் இன்னும் ஏறவில்லை. தள்ளினேன். "இன்னும் பலமா" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது புது கேப்டன் யாரோடு பறந்தாலும் பிரீஃபிங்கில் நானே கேட்டுவிடுகிறேன்: "சார், நான் எப்போது எடுக்கலாம்?" முகம் சுளித்தவர்கள் உண்டு. இருவர் மூவர்தான். மற்றவர்கள் எல்லாம் பதில் சொன்னார்கள்.

#12 காற்றுக்கூம்பு

நாளைக் காலை ஆறரைக்கு அதே பயிற்றுநரோடு பறக்கிறேன். செஸ்னாவில் த்ராட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டும் பிடி) ஒன்றே ஒன்றுதான், நடுவில். கதவைச் சாத்தியதும் கேட்டுவிடுகிறேன்.